அறிவியல் எழுத்துப் பயிலரங்குகளும் பட்டாசுத் தொழிலாளரும்

தமிழில் அறிவியலை எழுதப் பழக்குபவை அறிவியல் எழுத்தாளர் பயிலரங்குகளும் கருத்தரங்குகளும் ஆகும். அனைத்திந்திய அறிவியல் தமிழ்க் கழகத்தின் கருத்தரங்குகள் கலைச்சொல்லாக்கத்துக்கு ஊக்கம் தந்தன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிடும் துளிர் இதழ் 1987 முதல் சிறுவர்க்கான எளிய நடையை வளர்த்தது. ஆனால் அறிஞருக்கும் மாணவருக்கும் கிடைத்த கவனம், வேலைத்தலத்தில் வேதிப்பொருளைக் கையாளும் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

சிவகாசி அருகேயுள்ள எம். புதுப்பட்டி போன்ற பட்டாசு ஊர்களில் இக்குறை தெளிவாகத் தெரியும். உச்ச நீதிமன்றம் 23-10-2018 அன்று பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. பேரியம் நைட்ரேட்டை ‘ஆக்சிஜனேற்றி’ என்று மட்டும் எழுதினால், தடை எதற்கு என்பது தொழிலாளிக்கு விளங்காது. ‘வெடியுப்பைப் போல எரிவதற்கு ஆக்சிஜன் தருவது, பச்சை ஒளி தருவது, புகையில் நச்சு கலப்பது’ என்றால் விளங்கும். கலவையை ‘மருந்து’ என்பதே அங்குள்ள வழக்கு. உராய்வில் மருந்து ஏன் தீப்பற்றுகிறது என்பதை அச்சொல்லிலேயே விளக்குவது உயிர்காக்கும் எழுத்து.

ஆகவே பயிலரங்கில் எழுதிய கட்டுரையை மருந்து கலப்பவர் ஒருவருக்குப் படித்துக்காட்டுவதும் பயிற்சியில் சேர வேண்டும். அவர் ‘அப்படின்னா என்ன?’ என்று கேட்கும் இடமே திருத்த வேண்டிய இடம்.