மனைவி கேட்ட கேள்வி

டால்ஸ்டாயின் 'கடவுள் உண்மையை அறிவார். ஆனால் காத்திருப்பார்' என்ற சிறுகதையைப் பற்றி யாரிடம் பேசினாலும், மன்னிப்பைப் பற்றிய கதை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கல்லூரியில் படித்த நாளில் நானும் அப்படித்தான் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கினேன். கதை வெளிவந்தது 1872-ல். குழந்தைகளுக்கென்று டால்ஸ்டாய் தயாரித்த வாசக புத்தகத்திலும் அது இடம்பெற்றது. பிற்காலத்தில் கலையைப் பற்றி நூல் எழுதியபோது, தாம் அதுவரை எழுதியதையெல்லாம் கெட்ட கலை என்று தள்ளிவிட்டு, இரண்டே கதைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார். அவற்றில் ஒன்று இது. 'போரும் அமைதியும்' எழுதியவர் சொல்கிறார் என்பதற்காக இதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. பெரியவர்களுக்கு வயதானால் வரும் பிடிவாதங்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் நாற்பது வயதுக்கு மேல் மறுபடி படித்தபோது, பரீட்சையில் நான் எழுதியது தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விளாதிமீர் ஊர் வியாபாரி அக்ஸியோனவ் சந்தைக்குப் புறப்படுகிறான். கணவன் நரைத்த தலையோடு திரும்பி வருவதாகக் கனவு கண்ட மனைவி தடுக்கிறாள், சிரித்துவிட்டுப் போகிறான். வழியில் ஒரு சத்திரத்தில் தெரிந்த வியாபாரி ஒருவனோடு தங்குகிறான். அன்று இரவு அந்த வியாபாரி கொலையுண்டு போகிறான். இரத்தக் கறை படிந்த கத்தி அக்ஸியோனவின் பையில் அகப்படுகிறது. யாருடையது என்று அதிகாரி கேட்டால் இவனுக்கு வாய் குழறுகிறது, உடம்பு நடுங்குகிறது. அந்த நடுக்கமே சாட்சியாகிவிடுகிறது. சவுக்கடி, ஸைபீரியா, இருபத்தாறு வருஷம். கடைசியில் உண்மைக் கொலைகாரன் மகார் செமியோனிச் அதே சிறைக்கு வந்து சேர்கிறான்.

இடையில், சிறையில் மனைவி அவனைப் பார்க்க வரும் காட்சி ஒன்று உண்டு. அரைப் பக்கம்கூட இராது. சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறாள். கைதி உடையில் அவனைக் கண்டதும் மயங்கி விழுகிறாள். சக்கரவர்த்திக்கு மனுப் போட்டாயிற்று, ஏற்கவில்லை என்கிறாள். கனவை நினைவூட்டுகிறாள். பிறகு அவன் தலைமயிரை விரல்களால் கோதிக்கொண்டே, என்னிடமாவது உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள்தானே செய்தீர்கள் என்று கேட்கிறாள்.

கோதிக்கொண்டே கேட்கிறாள் என்பதைக் கவனியுங்கள். அவள் கொடுமைக்காரி அல்ல. மனுப் போட அலைந்தவள். பிரியத்தோடுதான் கேட்கிறாள். நீயுமா என்று அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். அதோடு மனுக்கள் எழுதுவதை விட்டுவிடுகிறான். உண்மை தெரிந்தவர் கடவுள் ஒருவர்தான் என்று ஆகிவிடுகிறது. அவனுடைய பக்தி கோயிலில் பிறந்ததல்ல. இந்தக் கேள்வியில் பிறந்தது. தலைப்பிலுள்ள கடவுள் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான்.

இனி மகாரிடம் வருவோம். அவன் சிறைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறான். மண்ணைப் பூட்ஸுக்குள் போட்டு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறான். இது அக்ஸியோனவுக்குத் தெரியும். தோண்டியது யார் என்று கவர்னர் அவனையே கேட்கிறார். மறுபடியும் ஒரு விசாரணை. மறுபடியும் உதடும் கையும் நடுங்குகின்றன. மறுபடியும் வாய் வரவில்லை. என் வாழ்வைக் குலைத்தவனை நான் ஏன் காக்கவேண்டும் என்று நினைக்கிறான். அடித்தே கொன்றுவிடுவார்களே என்றும் நினைக்கிறான். அதோடு, ஒருவேளை நான் இவனைத் தவறாகச் சந்தேகிக்கிறேனோ என்றும் ஓர் எண்ணம் வருகிறது.

பரீட்சையில் நான் கோட்டைவிட்டது இந்த எண்ணத்தைத்தான். தன்னைக் கொன்றவன் மகார்தான் என்று அவன் நெஞ்சுக்குத் தெரியும். அதை மகாரின் முகத்துக்கு நேரேயே சொல்லியும் இருக்கிறான். இருந்தும் தயங்குகிறான். சந்தேகத்தின்மேல் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அந்தச் சிறையில் அவனைப்போல் யாருக்குத் தெரியும்? கவர்னர் முன்னால் அவன் காத்த மௌனம் மன்னிப்பல்ல. மன்னிப்பு அன்று இரவு, மகார் வந்து காலில் விழுந்து அழுத பிறகுதான் வருகிறது. பகலில் காத்த மௌனம், மனைவி கேட்ட கேள்விக்கு இருபத்தாறு வருஷம் கழித்து வந்த பதில்.

இது என் கற்பனை என்று நினைப்பவர்கள் 'போரும் அமைதியும்' நாவலை எடுத்துப் பார்க்கலாம். அதில் பிளாத்தோன் கரத்தாயெவ் என்ற குடியானவச் சிப்பாய் இதே கதையைச் சொல்கிறான். அங்கே கிழவர் மற்றக் கைதிகள் கேட்க வாய்திறந்து தம் கதையைச் சொல்கிறார். கூட்டத்திலிருந்த கொலைகாரன் உடனே காலில் விழுகிறான். சுரங்கம் இல்லை, கவர்னர் இல்லை, மனைவியின் கேள்வியும் இல்லை. சில வருஷங்கள் கழித்துத் திரும்ப எழுதும்போது டால்ஸ்டாய் கேள்வியைச் சேர்த்தார். கிழவரின் பேச்சை எடுத்துவிட்டு மௌனத்தை வைத்தார். இரண்டையும் சேர்த்தே செய்தார் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

கதையில் ஒரு குறையும் உண்டு. வீட்டிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை என்கிறார் ஆசிரியர். மகார் சொன்ன செய்தியிலும் மனைவி இல்லை. ஆனால் கடைசியில் அக்ஸியோனவ், மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், எங்கே போவேன் என்கிறான். இறந்ததை யார் சொன்னார்கள்? ஆசிரியரின் மறதியாக இருக்கலாம். எனக்கென்னவோ அவளை எதிரில் நிறுத்த டால்ஸ்டாய்க்குத் துணிவு வரவில்லை என்று தோன்றுகிறது. கொலைகாரனை மன்னிக்க ஓர் இரவு போதும். தலையைக் கோதிக்கொண்டு கேட்டவளை எப்படி மன்னிப்பது?

சுவிசேஷத்தில் இதற்கு நேர் எதிரான காட்சி இருக்கிறது. விசாரணை நடந்த இரவு, முற்றத்தில் கரிநெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு பேதுரு தன் குருவைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்கிறான். பிறகு ஏரிக்கரையில் இன்னொரு கரிநெருப்பு. உயிர்த்தெழுந்தவர் அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மூன்று தரம் கேட்கிறார்: என்னிடம் அன்பு உண்டா என்று. ஏன் மறுத்தாய் என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

என் மனைவியின் மோதிரம் ஒருமுறை காணாமற்போயிற்று. தம்பி அப்போது எங்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். நான் குற்றம் சாட்டவில்லை. சாப்பிடும்போது குரலைத் தாழ்த்தி, "ஏதாவது அவசரத்துக்கு எடுத்தியாடா? எடுத்திருந்தாலும் பரவாயில்லே" என்றேன். "இல்லேண்ணா" என்றான். நாலு நாளில் மோதிரம் அரிசி டின்னுக்குள் அகப்பட்டது. எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான், குழந்தை குட்டிகள் இருக்கிறார்கள். போன தீபாவளிக்கு வந்தவனைக் காய்கறி வாங்க அனுப்பினேன். திரும்பி வந்து மிச்சச் சில்லறையை மேஜைமேல் எண்ணி வைத்தான். "இருக்கட்டும்டா" என்றேன்.

"இல்லேண்ணா, எண்ணிப் பாத்துக்குங்க" என்றான்.