சிஎஸ்எஸ்: அடுத்த படிக்கான நூல்கள்

சிஎஸ்எஸ் நூல் வாங்கப் போகிறவர் முதலில் பதிப்பு ஆண்டைப் பார்ப்பது நல்லது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் அடுத்தடுத்து கிரிட் வசதியைக் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய நூல்களில், பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க ஃப்ளோட்டை வளைத்து நெளித்துச் செய்த வித்தைகளே நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான பரிகாரங்கள் வேறு. டான் சீடர்ஹோமின் 'புல்லட்புரூஃப் வெப் டிசைன்' (2005) அந்நாளில் பலருக்குக் கைவிளக்கு. இன்று அதை வரலாறாகத்தான் படிக்க முடியும்.

ஆண்டு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? புதிய வசதிகளை வரிசையாக அடுக்கிவிட்டு 'மேம்பட்ட' என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் நூல்களும் உண்டு. அவற்றுக்கு நான் வைக்கும் பரீட்சை இது. ஒரு மெனு, படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. படத்தின் இசட்-இண்டெக்ஸ் வெறும் 1. மெனுவுக்கு 9999 கொடுத்தும் அது மேலே வரவில்லை. காரணம், மெனு இருக்கும் பெட்டிக்கு யாரோ ஒபாசிட்டி 0.99 என்று எழுதியிருக்கிறார்கள். ஒபாசிட்டி ஒன்றுக்குக் கீழே இறங்கியதும் அந்தப் பெட்டி தனி ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட் ஆகிவிடுகிறது. 9999-இன் அதிகாரமெல்லாம் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். இதை விளக்காமல் எண்ணை மட்டும் கூட்டச் சொல்லும் நூலை வைத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

கீத் கிராண்ட்டின் 'சிஎஸ்எஸ் இன் டெப்த்' (2018, இரண்டாம் பதிப்பு 2024) இந்தப் பரீட்சையில் தேறுகிறது. ஒரே உறுப்புக்கு இரண்டு விதிகள் மோதினால் எது வெல்லும் என்ற கேள்வியோடுதான் அது தொடங்குகிறது. கற்பவர் தடுமாறும் இடமும் அதுவே.

எரிக் மேயரின் 'டெஃபினிட்டிவ் கைடு' 2000-இல் வந்தது. எஸ்டெல் வெய்லுடன் சேர்ந்து எழுதிய ஐந்தாம் பதிப்பு 2023-இல். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய தலையணை. அகராதி போல எடுத்துப் பார்க்கலாம், தொடர்ந்து படிக்க முடியாது.

லியா வெரூவின் 'சிஎஸ்எஸ் சீக்ரெட்ஸ்' (2015) பழையது. கிரிட்டை அதில் தேடிப் பயனில்லை. இருந்தும் நான் கைவிட மாட்டேன். ஒரு பொத்தானை எடுத்துக்கொண்டு, அளவுகளை 'எம்' அலகுக்கு மாற்றுகிறார். எழுத்தளவைக் கூட்டினால் உள்ளிடைவெளி, வளைவு எல்லாம் கூடவே வளர்கின்றன. நிழல்களுக்கு ஒளி ஊடுருவும் கறுப்பைப் பூசுகிறார். பின்னணி நிறத்தை ஒரே வரியில் மாற்றினால் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் கிடைத்துவிடும். நாளை மாற்ற வேண்டியிருக்கும் என்ற நினைப்போடு எழுதுவதுதான் இங்கே பாடம். அது பழசாகவில்லை.

ஈத்தன் மார்கோட்டின் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' (2011) திரையின் அகலத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது. 2023 பிப்ரவரிக்குள் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கன்டெய்னர் குவெரி வந்துவிட்டதால், பெட்டி தன்னைத் தாங்கும் பெட்டியின் அகலத்தையே கேட்கிறது. இந்த மாற்றத்தைப் பேசாத நூலுக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

தமிழில் து. நித்யாவின் 'எளிய தமிழில் சிஎஸ்எஸ்' இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. தொடக்கத்துக்கு அது போதும். அடுத்து ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் கிராண்ட்டின் இரண்டாம் பதிப்பை வாங்குங்கள். வெரூவை யாரிடமாவது இரவல் கேளுங்கள்.