எழுத்தில் ஏறாத கரை

பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொள்ளவென்று செங்கல்பட்டிலிருந்து நம்மிடம் வந்திருக்கும் கல்லூரி மாணவி ஒருவர், இரண்டு திங்களாக மெய்ப்புத் திருத்தியும், உறைகளில் முகவரி ஒட்டியும், சந்தா முடிந்தவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதியும் வருகிறார். வேலை ஓய்ந்த நேரங்களில் கோடிட்ட குறிப்பேடு ஒன்றில் ஏதேனும் எழுதிக்கொண்டிருப்பார். அதனை ஒருநாள் கேட்டு வாங்கிப் படித்தோம். அன்றாட வாழ்வின் சிறு நிகழ்ச்சிகளை நடைச்சித்திரங்களாக எழுதியிருந்தார். ஒன்றைத் தேர்ந்து அச்சுக்கும் அனுப்பினோம். அச்சுக்கு அனுப்புமுன் நாம் அதில் செய்த திருத்தங்களே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

சித்திரம் இதுதான். ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் பாட்டியும் பேத்தியும் செங்கல்பட்டிலிருந்து கோவளம் தர்காவுக்குப் புறப்படுகிறார்கள். திருப்போரூர் வழியே போனால் தொலைவு குறையும்; ஆயினும் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதற்காகப் பாட்டி எப்போதும் திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகவே போவார். மாமல்லபுரம் நிறுத்தத்தில் பேருந்து முக்கால்வாசி காலியாகிவிடுகிறது. இறங்கியவர் எல்லாரும் கல்லைப் பார்க்கப் போகிறார்கள். முப்பது ஆண்டுகளாக அவ்வழியே போய்வரும் பாட்டி ஒருமுறைகூட அங்கு இறங்கியதில்லை. ஏன் என்று பேத்தி கேட்கிறாள். "இறங்கினால் பஸ் போய்விடும்" என்கிறார் பாட்டி. கோவளத்தில் ஃபாத்திஹா ஓதியபின் கரைக்குச் சென்று நெத்திலி வாங்குகிறார்கள். விலையில் ஒரு வாக்குவாதம். திரும்பும் பேருந்தில் மீன் வாடை. பாட்டி நடத்துநரிடம் தமிழும், பேத்தியிடம் உருதும், இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியபின் அரபும் பேசுகிறார். அவ்வளவே.

இதில் நாம் மூன்று இடங்களில் கைவைத்தோம். முதலாவது, தர்கா. அதனை எழுதினால் ஒரு சாரார் கண்டித்துக் கடிதம் எழுதுவர், மறு சாரார் அக்கடிதத்தைக் கண்டித்து எழுதுவர், இரண்டு இதழ்கள் அதிலேயே போய்விடும் என்றெண்ணி, "உறவினர் வீட்டுக்கு" என்று மாற்றினோம். இரண்டாவது, நெத்திலி வாக்குவாதம். இலக்கிய இதழில் மீன் விலை எதற்கு என்று அடித்துவிட்டோம். மூன்றாவது, பாட்டியைப் பேத்தி அழைக்கும் சொல். மாணவி "நானிமா" என்று எழுதியிருந்தார். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் படிக்கும் ஏடாயிற்றே என்று, காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் மனத்தில் வைத்து, "உம்மும்மா" என்று திருத்தினோம்.

மெய்ப்பைப் பார்த்த மாணவி நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கள் வீட்டில் உம்மும்மா என்று யாருமில்லை, சார்" என்றார்.

இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. வடமாவட்டங்களில், செங்கல்பட்டு உட்பட, வீட்டில் தக்கினி உருது பேசிப் பள்ளியில் தமிழ் படித்து, தமிழிலேயே சிந்தித்து எழுதும் முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு என்பதை நாம் அறியாதவரல்லோம். அறிந்திருந்தும், அவ்வீட்டுச் சொல் நம் பக்கங்களில் ஏறும் தகுதியுடையதன்று என்று பேனா தானாகவே முடிவு கட்டிவிட்டது. பேனாவுக்கு இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தபோது, அது நம்மோடு தொடங்கியதன்று என்பது தெரிந்தது.

கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். இலங்கை முஸ்லிம்களின் கல்விக்கு அவ்வேடு ஆற்றிய தொண்டு பெரிது. 1885இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து ஆறாண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் கதை எங்கே நடக்கிறது? எகிப்தில் பிறந்த உயர்குடிச் சிறுவன் கடத்தப்பட்டு, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அலைந்து தன் குலத்தை அறிகிறான். கண்டி எங்கே, கொழும்புக் கடைத்தெரு எங்கே என்று தேடும் வாசகன் ஏமாறுகிறான். சித்தி லெப்பையைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. சிதறிக் கிடந்த ஒரு சமுதாயத்துக்கு உலகம் பெரிது என்று காட்டவேண்டிய காலம் அது. ஆனால் நம் புனைகதையின் முதல் அடியே வீட்டுவாசலைத் தாண்டித் தொலைவில் விழுந்தது என்பதும் உண்மை.

உமறுப்புலவர் செய்தது இதற்கு நேர்மாறு. சீறாப்புராணத்தில் அவர் அரபு நாட்டைப் பாடும்போது அங்கே மழை பொழிகிறது; ஆறு பெருகுகிறது; வயல் விளைகிறது. மணல் நாட்டுக்கு மருதம் எப்படி வந்தது என்று கேட்பவர் உண்டு. புலவர் தாம் கண்ட நிலத்தைக் கொண்டே தாம் காணாத நிலத்தைத் தம் மக்களுக்கு விளங்கவைத்தார். பின்வந்த நாமோ நாள்தோறும் காணும் நிலத்தையே காணாததுபோல் எழுதப் பழகிவிட்டோம். நம் பழைய இதழ்த் தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தால் பாக்தாதும் கர்தபாவும் தெருத்தெருவாகத் தெரியும். சொந்தத் தெருவில் மாவு அரைக்கும் கடை எந்தப் பக்கம் என்பது தெரியாது.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை நடத்திய 'சிங்கை நேசன்' வார ஏட்டில் 1888இல் 'வினோத சம்பாஷணை' என்னும் உரையாடல் ஒன்று வெளிவந்தது. அங்கே எழுந்த முதல் தமிழ்ச் சிறுகதை அதுவே என்று வாதிடுவோர் உளர். சிறுகதையா அன்றா என்ற வழக்கில் நாம் புகவில்லை. கண்ணெதிரே திரிந்த மனிதர்களைப் பேசவிட்டார் ஆசிரியர் என்பதே நமக்கு வேண்டியது. மூன்றே ஆண்டுகள் நடந்து நின்றுபோன ஏட்டைப்பற்றி நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் பேசுகிறோம் என்றால், தாளில் அடித்ததை யாரோ எடுத்துவைத்திருந்தார்கள் என்பதே காரணம்.

நாகூரில் வீட்டுக்குள்ளிருந்தே எழுதிய சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் 'காதலா? கடமையா?' நாவல் 1938இல் உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வந்தது. அவ்வம்மையாரின் துணிவு நம் மதிப்புக்குரியது.

இவ்வகையில் நம் நெஞ்சைத் தொட்டது தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் ஆசிரியரின் ஊர்; படித்தது மலையாளத்தில். ஊரை ஆட்டிப்படைக்கும் முதலாளி, அவருக்கு அஞ்சும் மக்கள், புனிதர் வேடத்தில் வரும் தங்கள், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் தீன் போய்விடும் என்ற அச்சம் ஆகிய அனைத்தையும் அவர் அவ்வூர்ப் பேச்சிலேயே எழுதினார். அந்தப் பேச்சு சென்னை வாசகனுக்கு முதற்பத்து பக்கம் வரை முட்டுக்கட்டையாக இருக்கும். பதினோராவது பக்கத்தில் அவனும் அக்கரையில் நிற்பான். "உம்மும்மா" என்று திருத்திய நம் கையில் அத்தொடரின் முதல் அத்தியாயம் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்காக அவருக்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். விருது கிடைத்தபின் பெருமைப்படுவது எளிது.

தென்கோடிக் கரைக்கு ஒரு மீரான் கிடைத்தார். மாமல்லபுரக் கரைக்கோ வேறு வகையான பேறு வாய்த்தது. 1944இல் 'கல்கி' இதழில் 'சிவகாமியின் சபதம்' தொடராகத் தொடங்கியது. அக்கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோது உதித்த கனவு அது என்று கல்கி அவர்களே கூறியிருக்கிறார். அத்தொடர் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் புகுந்தபின் அக்கரை பல்லவர் கரையாயிற்று. வேறு எவர் கரையாகவும் இருப்பது கடினமாயிற்று. பத்திரிகை எழுத்தின் ஆற்றலுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1984இல் யுனெஸ்கோ அச்சின்னங்களை உலக மரபுச் செல்வமாக அறிவித்ததும் நியாயமே. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்துபோனபின், அலை மணலை அரித்து வெளிக்காட்டிய பழஞ்சிற்பங்களைப் பற்றி எத்தனை ஆர்வமாகப் படித்தோம் என்பதை நினைவுகூர்வோமாக. வலையும் படகும் இழந்தவன் அதே மணலில்தான் நின்றிருந்தான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் இருக்கும் கோவளத்துக்கும் வரலாறு இல்லாமலில்லை. ஆற்காட்டு நவாபுகளின் துறைமுகமாக அது இருந்தது, கோட்டையும் இருந்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கோவளம் கோட்டையைப் பிடித்து, அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். நம் மாணவியும் அவர் பாட்டியும் வியாழன்தோறும் இணைக்கும் இரு ஊர்களையும் ஒரே போர் இணைத்திருக்கிறது. இன்று கோவளத்தில் தர்காவும் மாதாகோவிலும் மீனவர் தெருக்களும் நட்சத்திர ஓட்டலும் ஒரே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து இளைஞர்கள் அலைச்சறுக்கு விளையாட வருகிறார்கள். இவ்வளவும் இருந்தும், தமிழ் முஸ்லிம் எழுத்தில் கோவளம் என்று தேடினால், நமக்குத் தெரிந்தவரையில், உரூஸ் அறிவிப்புக்கு மேல் அதிகம் அகப்படவில்லை. அக்கரையைப் பற்றி எழுத வந்த கையெழுத்துப்படி ஒன்றிலிருந்து கோவளத்தை "உறவினர் வீடு" ஆக்கியவர்களும் நாமே.

மாணவியிடம் வேறொன்றும் கேட்டோம்: இவற்றை இதழுக்குத் தராமல் ஏன் குறிப்பேட்டில் வைத்திருந்தார்? குறிப்பேட்டிலிருந்து கைப்பேசியில் தட்டித் தோழியருக்கு அனுப்பிவிடுவாராம். அன்றிரவே நூறு பேர் படித்துவிடுவார்களாம். இதழில் வர இரண்டு மாதம் ஆகும். வந்தபின் யார் படித்தார்கள் என்பதும் தெரியாது. அவர் சொன்னதில் குறும்பு இல்லை, கணக்குத்தான் இருந்தது. 1941இல் தொடங்கிய 'கல்கி'யே 2020இல் அச்சை நிறுத்தி மின்னிதழாகிவிட்டது. நம் போன்ற சிறு மாத ஏடுகள் தாள் விலைக்கும் தபால் செலவுக்கும் நடுவே மூச்சு வாங்குவதை வாசகர்கள் அறிவார்கள்.

அப்படியாயின் அச்சுக்கு என்ன மிச்சம்? தாளின் மணம், கையில் புரளும் சுகம் என்று சிலர் எழுதுகிறார்கள். அவை முதியோரின் ஆறுதல்கள். நமக்குத் தோன்றுவது ஒன்றே. எழுதியவரைத் தவிர இன்னொருவர், அந்த எழுத்தின்மேல் பற்றுள்ளவராய், அச்சேறுமுன் அதை நிதானமாகப் படிக்கிறார். கைப்பேசியில் நூறு பேர் படித்தாலும் எழுதி முடித்தபின்பே படிக்கிறார்கள். முடிக்குமுன் படிப்பவர் இல்லை. அந்த ஒருவர்தான் ஏட்டின் மூலதனம். அந்த ஒருவரோ, நெத்திலியை அடித்துவிட்டு, நானிமாவைக் காயல்பட்டினத்துக்கு அனுப்பிவைத்தார்!

இவ்வளவு கூறியபின், சித்திரத்தின் குறைகளையும் சொல்லாவிட்டால் மாணவிக்கு நாம் நியாயம் செய்தவராகோம். முதற்பத்தியில் கடல் "நீலப் பட்டாடை விரித்திருந்தது" என்கிறார். செங்கல்பட்டுப் பேருந்தின் சன்னலில் கடல் அப்படித் தெரியாது. மாமல்லபுரம் தாண்டியபின் சவுக்குத் தோப்புக்கும் வீட்டுமனை விளம்பரப் பலகைக்கும் இடையே துண்டுதுண்டாகத் தெரியும். அதைத்தான் எழுதியிருக்கவேண்டும். மீன்காரப் பெண் வாக்குவாதத்தில் என்ன சொன்னார் என்பது இல்லை. பாட்டி சொன்னது மட்டும் இருக்கிறது. விலைக்குப் பேசுபவர் இருவர் அல்லரோ? எல்லாவற்றையும்விட, சித்திரம் சூரியன் மறையும் காட்சியோடும், "முதியோரைப் போற்றுதல் நம் கடமை" என்ற வாசகத்தோடும் முடிகிறது. நாம் வெட்டவேண்டியிருந்த வரி அதுவே; அதை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தோம். எங்கே கற்றார் என்று கேட்டதற்கு, நம் பழைய இதழ்களைப் பார்த்துத்தான் என்றார்.

மாறாக, "இறங்கினால் பஸ் போய்விடும்" என்ற வரி நம்மால் எழுத முடியாத வரி. கோயிலாயிற்றே என்று இறங்கவில்லையா, வேலை இருக்கிறதே என்று இறங்கவில்லையா, பார்க்க விருப்பம் இருந்தும் இறங்கவில்லையா என்பதைப் பாட்டியும் சொல்லவில்லை; பேத்தியும் துருவவில்லை. அந்த இடத்தில் விளக்கம் சேர்க்க நம் கை துடித்ததை ஒப்புக்கொள்கிறோம்.

மெய்ப்பைத் திரும்ப எடுத்துவிட்டோம். தர்கா தன் இடத்துக்கு வந்துவிட்டது, கடிதங்கள் வரட்டும். நெத்திலியும் வந்துவிட்டது. நீலப் பட்டாடையையும் கடைசி வரியையும் மாணவியே அடித்துவிட்டார். மீன்காரப் பெண் சொன்னதைக் கேட்டு எழுதிவருவதாகச் சொல்லி, வருகிற வியாழக்கிழமை விடுப்புக் கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறோம். அடுத்த இதழில் சித்திரம் வெளிவரும். "நானிமா" என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு எதுவும் இடப்போவதில்லை.