கார்ட்டூன் வளர்த்த எழுத்து

கொழும்பில் இன்று தமிழில் மாயக்கதை எழுத வருகிறவர்களில் பலருக்குக் கதை முதலில் வந்தது புத்தகத்திலிருந்து அல்ல, தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து. எண்பதுகளில் தெமட்டகொடையில் வளர்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி சிங்களத்தில் கதைத்தது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு தொடங்கிய ரூபவாஹினியில், 'ரேகாவ' (1956) படத்தின் தொகுப்பாளரான டைட்டஸ் தொட்டவத்த பக்ஸ் பனி என்ற முயலை 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கினார். டொக்டர் டூலிட்டிலை 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆக்கினார். பெயரோடு நக்கலும் பாட்டும் உள்ளூருக்கு மாறின. முயல் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த தலைமுறைக்கு 2007இல் வந்த சுட்டி டிவி என்ற சிறுவர் சேனல் சென்னைத் தமிழைக் கொடுத்தது. விளைவு வேடிக்கையானது. இவர்கள் எழுதும் கதையில் அம்மா "எங்கயடா போட்டு வாறாய்?" என்பார், அடுத்த பக்கத்தில் டிராகன் "டேய், என்ன பண்ற?" என்று கேட்கும். வீட்டுத் தமிழில் ஒரு மந்திரவாதி பேசி இவர்கள் கேட்டதே இல்லை.

ஆனாலும் கார்ட்டூனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நம் சிறுவர் கதைகளைப் பிடித்திருந்த நீதிபோதனை நோயை எந்த விமர்சகரையும்விட அதுதான் அதிகம் குணப்படுத்தியது. கதை சட்டென்று தொடங்குகிறது. விலங்குக்கு உபதேசம் செய்யும் கடமை இல்லை, சும்மா குறும்பு செய்யலாம்.

கோளாறு வேறிடத்தில். படத்தில் முகத்தைக் காட்டினால் போதும். அந்தப் பழக்கம் உரைநடைக்குள் வந்ததும் பக்கத்துக்குப் பக்கம் கண்கள் விரிகின்றன, வாய்கள் பிளக்கின்றன, மனதுக்குள் என்ன நடந்தது என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. மலையுச்சியிலிருந்து விழுந்தவன் தட்டிவிட்டு எழும்பிப் போகிறான். எந்தச் சாகசத்துக்கும் விலை கிடையாது. எல்லாக் கார்ட்டூனும் இப்படி அல்ல. 'பாம்பி' (1942) படத்தில் தாய்மான் சாவது திரையில் வராது. வெடிச்சத்தம் கேட்கும், குட்டி ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு பனிக்குள் நின்று தாயைத் தேடும், அவ்வளவுதான். எதைக் காட்டாமல் விடுவது என்று படிக்க இதைவிட நல்ல இடம் குறைவு. நம்மவர்கள் எடுத்துக்கொண்டதோ பனியை மட்டும்.

இரவல் வாங்குவதே பிழை என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியே எய்கோ கடோனோவின் நாவலிலிருந்து 'கிக்கி'யையும் (1989) டயானா வின் ஜோன்ஸிடமிருந்து 'ஹௌல்'லையும் (2004) எடுத்தவர். வாங்கியதை என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. அவருடைய 'டொட்டொரோ' (1988) படத்தில் வில்லன் இல்லை. அதன் காடும் வயலும் அவர் வசிக்கும் டொகொரொசாவா பக்கத்துச் சயாமா குன்றுகளைப் பார்த்து வரைந்தவை. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த நம் எழுத்தாளர் அதில் வரும் பூனைப் பேருந்தை நகலெடுக்கிறார். தெமட்டகொடையிலோ இராட்சத எஞ்சின்கள் வரிசையாக நிற்கும் லோகோ ஷெட் இருக்கிறது. நான் வாசித்த மாயக்கதைகளில் பறக்கும் கோட்டைகள் ஏராளம். அந்த ஷெட்டிலிருந்து ஒரு எஞ்சினும் வெளிக்கிடவில்லை.