அறிக்கையில் இடம்பெறாத நாள்

எரிக் மரியா ரெமார்க் எழுதி 1929 இல் நூலாக வெளிவந்த ஜேர்மன் நாவலின் தலைப்பு 'மேற்கில் புதிதாக எதுவுமில்லை' எனப் பொருள்படும். இது முதலாம் உலகப் போர்க்கால இராணுவத் தலைமையகத்தின் அன்றாட அறிக்கை மொழி. நான் வாசித்தது வீனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதன் தலைப்பு போர்முனை அமைதியாக இருப்பதாகச் சொல்கிறது. மூலமோ மரணம் அங்கே பழைய செய்தி என்கிறது. வானொலிச் செய்திகளில் போரைக் கேட்டு வளர்ந்த எமக்கு இந்த மொழி அந்நியமானதல்ல.

நாவலின் பலம் பெருஞ்சமர்களில் இல்லை. தொடக்கத்தில் 150 பேருக்குச் சமைத்திருக்கிறார்கள்; முன்னரங்கிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். எனவே ஆளுக்கு இரட்டைப் பங்கு. அந்த மகிழ்ச்சியை ரெமார்க் மறைக்கவில்லை. பதுங்கு குழியில் எலி கடித்த பாண் துண்டுகளை வெட்டியெடுத்து, அவற்றையே இரையாகக் குவித்து எலிகளை அடிக்கிறார்கள். பேன்களைச் சூடான தகர மூடியில் போட்டுக் கொல்கிறார்கள். கால் இழந்து இறந்த கெமரிக்கின் சப்பாத்து முல்லருக்கும், முல்லர் சாகும்போது கதைசொல்லி பவுலுக்கும் வருகிறது. அறிக்கை எண்ணாமல் விட்ட இவற்றை எண்ணுவதே இந்நாவலின் பணி.

2022 இல் எட்வர்ட் பெர்கர் இயக்கிய ஜேர்மன் திரைப்படம் நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. இறந்தவனின் சீருடையைக் கழுவித் தைத்துப் பவுலிடம் கொடுக்கும் தொடக்கக் காட்சி நாவலில் இல்லை. எனினும் நாவலின் ஆன்மா அதில் இருக்கிறது. முடிவில்தான் படம் தவறுகிறது. அங்கே பவுல் போர்நிறுத்த நாளான 1918 நவம்பர் 11 அன்று, ஒரு தளபதியின் வெறியால் கடைசி நிமிடங்களில் நடக்கும் தாக்குதலில் இறக்கிறான். அந்தத் தளபதி இல்லாவிட்டால் பிழைத்திருப்பான் என்ற ஆறுதல் நமக்குக் கிடைத்துவிடுகிறது. நாவலில் அவன் இறப்பது ஒக்டோபரில், அறிக்கையில் எழுத எதுவுமற்ற ஒரு நாளில். குற்றம் சாட்ட அங்கே ஒரு தனிமனிதன் இல்லை.

இன்னொன்றையும் படம் இழந்துவிட்டது. நாவலில் பவுல் லீவில் ஊர் போகிறான். பெல்ஜியத்தையும் பிரான்ஸின் நிலக்கரிப் பகுதிகளையும் பிடிக்க வேண்டுமென மேசையைச் சுற்றியிருந்து பேசும் பெரியவர்கள், முன்னரங்கிலிருந்து வந்தவனுக்கே போரை விளக்குகிறார்கள். அவர்களுள் பாடசாலை அதிபரும் ஒருவர். வகுப்பையே படையில் சேரத் தூண்டியவர் கண்டோரெக் என்ற ஆசிரியர். தயங்கி நின்ற மாணவன் யோசெப் பேம் முதலில் இறந்தவர்களில் ஒருவன். படத்தில் ஆசிரியர் ஓர் உரையோடு மறைந்துவிடுகிறார்; ஊர் விடுமுறை அடியோடு இல்லை.

கரும்பலகையின் முன் நிற்பவன் என்ற முறையில் இந்த இழப்பு எனக்குப் பெரிதாகவே படுகிறது. சமர்களின் ஆண்டுகளையும் வென்றவர் பெயர்களையும் மட்டும் சொல்லிக் கொடுக்கும் வகுப்பறையும் அந்த அறிக்கையைத்தான் வாசிக்கிறது. உயர்தர வகுப்பு மாணவர்கள் படத்தைப் பார்க்கட்டும். ஆனால் நாவலைப் படித்த பின்னர் பார்க்கட்டும்.