குஷானாவின் கை

ஹயாவோ மியாஸாகியின் 'காற்றுப் பள்ளத்தாக்கின் நவுசிகா' 1984 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்தது. 117 நிமிடம் ஓடும் அனிமே படம். அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நவுசிகாவைச் சுற்றியே நடக்கிறது. அவளுக்கு எதிரே நிறுத்தப்பட்ட டோல்மேகியா இளவரசி குஷானா ஒரு சௌகரியமாகவே நின்றுபோகிறாள். கதை நகர யாராவது படையெடுத்து வர வேண்டும், வருகிறாள். கதை முடியப் பின்வாங்க வேண்டும், போய்விடுகிறாள். இடையில் ஒருமுறை தன் கையைக் கழற்றிக் காட்டுகிறாள். அந்தக் கையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

சித்திரப் படத்தின் வில்லிக்கு இத்தனை யோசனை தேவையா என்று கேட்கக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. சாதனம் எதுவானாலும் ஒரு படைப்பாளி தனக்குப் பிடிக்காத மனிதனை எப்படி நடத்துகிறான் என்பதில் அவனுடைய பார்வையின் அளவு தெரிந்துவிடுகிறது. பிடித்தவர்களிடம் தாராளமாக இருப்பது யாருக்கும் முடியும்.

படத்தின் உலகம் இது: யந்திர நாகரிகம் ஏழு நாள் நெருப்பில் அழிந்து ஆயிரம் வருஷமாகிறது. பூமியின் பெரும்பகுதியை நச்சுக் காடு மூடிக்கொண்டிருக்கிறது. அதன் காற்றை முகமூடி இல்லாமல் சுவாசித்தால் மரணம். காட்டோரம் வாழ்கிறவர்களின் கைகால்கள் மெல்ல மெல்லக் கல்லாகின்றன. காட்டைக் காவல் காப்பவை ஓமு என்னும் மலைபோன்ற பூச்சிகள். குஷானாவின் திட்டம் எளியது. சிதறிக் கிடக்கும் சிறு ராஜ்யங்களை ஒன்றாக்குவது. பழைய நாகரிகம் விட்டுப்போன ராட்சஸ வீரனை உயிர்ப்பித்து அவன் நெருப்பால் காட்டைக் கொளுத்துவது. பூமியை மனிதனுக்கு மீட்டுத் தருவது.

இதில் தீமை எங்கே இருக்கிறது? தன் மக்கள் இருமிச் சாவதைப் பார்க்கும் எந்த ஆட்சியாளருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். அந்தக் காடு உண்மையில் பூமியின் விஷத்தை உறிஞ்சிச் சுத்தப்படுத்திக்கொண்டிருக்கிறது என்ற ரகசியம் நவுசிகாவுக்குத் தெரியும். சுத்தமான நீரிலும் மண்ணிலும் அந்தச் செடிகளை வளர்த்துப் பார்த்தவள் அவள். காட்டின் அடியில் விழுந்து, தூய மணலையும் ஊற்றையும் கண்ணால் கண்டவள். நமக்கும் அது காட்டப்படுகிறது. குஷானாவிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. படத்தின் மையமான உண்மை அவள் காதுக்கு எட்டாமலேயே அவள் தோற்கடிக்கப்படுகிறாள். அவளுக்குத் தெரியாத ஒன்றை வைத்து நாம் அவள்மேல் தீர்ப்புச் சொல்கிறோம். இது நியாயமான வழக்கு ஆகாது.

இப்போது அந்தக் கை. ஒரு காட்சியில் குஷானா தன் உலோக இடது கையைக் கழற்றுகிறாள். பூச்சிகள் பறித்த கை. உடம்பின் மறைந்த இடங்களில் இன்னும் கோரம் உண்டென்று குறிப்பாகச் சொல்கிறாள். யோஷிகோ சகாகிபாராவின் குரலில் சுயஇரக்கத்தின் சாயல்கூட இல்லை. ஏளனமும் களைப்பும்தான் இருக்கின்றன. சில வினாடிகள்தான் என்றாலும் அந்த இடத்தில் படம் திடீரென்று ஆழம் கொள்கிறது. நமக்கு முன் நிற்பது ஒரு பெண். தன் உடம்பை ஒரு கவசமாக மாற்றிக்கொண்டுவிட்டவள். பிறகு கையை மாட்டிக்கொள்கிறாள். படம் அந்த ஆழத்துக்கு மறுபடி திரும்புவதேயில்லை.

ஷேக்ஸ்பியர் ஷைலாக்குக்குச் செய்தது நினைவுக்கு வருகிறது. தன் காயத்தைச் சபைக்குக் காட்ட ஒரு உரை, அடுத்து நீதிமன்றம், பிறகு அவன் வெளியேறுகிறான். ஐந்தாம் அங்கத்தில் நிலா வெளிச்சமும் சங்கீதமும். அவனுடைய சொத்து வந்து சேரும் செய்தி தவிர அவனுக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் ஷைலாக்குக்கு ஒரு மகள் இருந்தாள், தொழில் இருந்தது, எதிரியின் எச்சில் பட்ட அங்கி இருந்தது. குஷானாவுக்குக் கை இல்லாமை ஒன்றுதான் இருக்கிறது. இறுதியில் அவள் அவசரப்பட்டு எழுப்பும் ராட்சஸ வீரன் பாதி வெந்த மாமிசமாய் உருகி விழுகிறான். ஓமுக் கூட்டத்தின் முன் நவுசிகா விழுந்து, பொன்னிறக் கொடுக்குகளின் மேல் உயிர்த்து எழுகிறாள். குஷானா நின்று பார்க்கிறாள். அவளுக்குள் ஏதோ உடைந்திருக்க வேண்டும். அது நமக்குக் கிடைப்பதில்லை. பெயர்கள் ஓடும்போது டோல்மேகியர்கள் கிளம்பிப் போகிறார்கள். ஒரு மனிதப் பிறவியின் மாற்றத்தைப் படம் அடிக்குறிப்பாக்கிவிடுகிறது.

மியாஸாகிக்கு இவளைத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. 1982 பிப்ரவரி தொடங்கி 1994 மார்ச் வரை, பலமுறை நிறுத்தி நிறுத்தி, 'அனிமேஜ்' மாத இதழில் அவர் வரைந்த சித்திரக் கதை ஏழு தொகுதிகளாக இருக்கிறது. படம் எடுக்கும்போது அதன் ஆரம்பப் பகுதிதான் முடிந்திருந்தது. அந்தக் கதையில் குஷானாவுக்கு இரண்டு கைகளும் இருக்கின்றன. நவுசிகாவின் தந்தை அங்கே நோயால் சாகிறார். படத்தில் குஷானாவின் சிப்பாய்கள் அவரைப் படுக்கையிலேயே கொல்கிறார்கள். ஆக, படம் அவள் கணக்கில் இரண்டு பதிவுகள் செய்திருக்கிறது: ஒரு கொலை பற்று, ஒரு ஊனம் வரவு. இரண்டும் ஒன்றையொன்று நேர்செய்துவிடும் என்று மியாஸாகி நினைத்தாரோ என்னவோ. மனிதக் கணக்கு அப்படி நேராவதில்லை.

சித்திரக் கதையின் குஷானாவுக்குக் காயம் வெளியே தெரிவதில்லை. அவளுக்காகக் கலக்கப்பட்ட விஷத்தை அவள் தாய் வாங்கிக் குடித்துவிட்டு, உயிர் போகாமல் புத்தி பேதலித்துப்போனாள். ஒரு பொம்மையை மகளென்று மடியில் வைத்துக் காக்கிறாள். நிஜ மகள் கிட்டே வந்தால் மிரள்கிறாள். தந்தை சக்கரவர்த்தி, அண்ணன்மார் மூவர், எல்லோருக்கும் அவள் சாவு தேவை. அவள் தானே வளர்த்த மூன்றாம் படையை அவளிடமிருந்து பிடுங்கித் தெற்கே யுத்தத்தில் சாக அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படையை மீட்பதும் அண்ணன்மாரைப் பழிவாங்குவதும்தான் அவள் வாழ்வு. அவளை வேவு பார்க்க அனுப்பப்பட்ட குரோதோவாவை, வேவுகாரன் என்று தெரிந்தே பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். படத்தில் வெறும் ஹாஸ்யத் துணையான அதே குரோதோவாதான்.

பழி ஒருபோதும் அவள் கைக்கு வருவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். அவள் கொல்லக் காத்திருந்த அண்ணனைப் பூச்சிகள் கொன்றுவிடுகின்றன. பூச்சித் திரளின் நடுவே குழியில் பதுங்கி, காயம்பட்ட சிப்பாயை அணைத்துக்கொண்டு, சின்னவயதில் கேட்ட தாலாட்டைப் பாடுகிறாள். பழியெடுக்க வந்தவளிடம் பழி இல்லாமல் போய், கடைசியில் எஞ்சுவது தாலாட்டு. இதற்கு மேல் ஒரு பாத்திரத்தின் மாற்றத்தைச் சொல்ல விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. ஏழாம் தொகுதியில், அவளைக் கொல்ல வந்தவர்களின் கத்திகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு யூபா சாகிறார். படத்திலும் வரும் அதே பெரியவர், நவுசிகாவின் குரு. முடிவில் ராஜ்யம் அவளிடம் வருகிறது. அவள் கடைசிவரை பதிலாளாகவே ஆள்கிறாள், கிரீடம் சூட்டிக்கொள்வதில்லை. அவளுக்குப் பின் டோல்மேகியா ராஜா இல்லாத தேசமாகிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். ஏழு தொகுதிகளில் செய்ததை இரண்டு மணி நேரத்தில் செய்ய முடியுமா? சாதனத்தின் எல்லையைப் படைப்பாளியின் குறையாகச் சொல்லலாமா? இதற்குப் பதில் மியாஸாகியே 1997இல் 'இளவரசி மோனோனோகே' படத்தில் தந்திருக்கிறார். 133 நிமிடம், கால் மணி நேரந்தான் கூடுதல். அதில் வரும் எபோஷி குஷானாவின் மறுபிறப்பு. இவளும் காட்டை அழிக்க நினைக்கிறாள். இவளிடமும் நெருப்பு இருக்கிறது. இவளுடைய பூர்வ கதை ஒரு வரிகூட நமக்குச் சொல்லப்படவில்லை. தாயும் இல்லை, விஷமும் இல்லை. ஆனால் விலைமாதர் விடுதிகளிலிருந்து அவள் விலைகொடுத்து மீட்ட பெண்கள் உலைக்களத்தில் துருத்தி மிதிக்கிறார்கள், வாய்க்கு வாய் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். குஷ்டரோகிகளுக்குக் கட்டுப்போட்டு, வேலை கொடுத்து, மனிதராக நடத்தியவள் அவள் ஒருத்திதான் என்று அவர்களில் ஒருவரே அழுதபடி சொல்கிறார். எபோஷியைக் கொல்ல நினைப்பவன் இவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டாக வேண்டும்.

அவளுடைய கையும் போகிறது. ஆனால் நம் கண்ணெதிரே போகிறது, அவள் செயலுக்குப் பிறகு போகிறது. வனதேவதையின் தலையைச் சுட்டு வீழ்த்தியவளின் கையை வெட்டுண்ட ஓநாய்த் தலை கவ்விப் பிடுங்குகிறது. பிறகு தன் ஜனங்கள் நடுவே உட்கார்ந்து, மறுபடி ஆரம்பிப்போம், நல்ல ஊராகக் கட்டுவோம் என்கிறாள். குஷானாவின் கை படம் தொடங்குமுன்பே போய்விட்ட கை. சான்றிதழ்போல எடுத்துக் காட்டப்படுவது. எபோஷியின் கை கதையின் உள்ளேயே இழக்கப்பட்டு அவளை மாற்றுவது.

இந்த ஒப்பீட்டிலிருந்து எனக்குக் கிடைப்பது இது. குஷானாவுக்குப் படத்தில் இல்லாமற்போனது கடந்த காலம் என்று முதலில் தோன்றும். தாயின் கதையை ஐந்து நிமிடம் சேர்த்திருந்தால் சரியாகியிருக்கும் என்று தோன்றும். எபோஷி அதைப் பொய்யாக்குகிறாள். குஷானாவுக்கு இல்லாமற்போனது, அவளை நம்பி இருப்பவர்கள். படத்தில் அவள் சிப்பாய்களுக்கு முகங்கூட இல்லை, தலைக்கவசங்கள்தான். அவள் செத்தால் அழ ஒருவரும் இல்லை. சித்திரக் கதையில் அவளுக்காகச் சாகத் தயாரான ஒரு படையே இருந்தது. அவளுடைய கொடுமையும் அவளுடைய பாசமும் அந்தப் படை என்ற ஒரே இடத்திலிருந்து பிறந்தன. படையை முகமற்றதாக்கியபோது இரண்டும் வேரறுந்துபோயின.

தீயவனுக்கு ஒரு காயத்தைக் கொடுத்துவிட்டால் அவன் மனிதனாகிவிடுவான் என்ற நம்பிக்கை இன்று எங்கும் பரவியிருக்கிறது. நம் சிறுகதைகளிலும் அது உண்டு. கடைசிப் பாராவில் ஒரு பால்யகால அவமானம் வந்து எல்லாவற்றையும் மன்னிக்கச் சொல்லும். இது கருணையின் சுருக்கெழுத்து. காயம் ஒரு தகவல். அதைத் தெரிந்துகொள்வதோடு வாசகனின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. எதிரியை யார் நேசிக்கிறார்கள் என்று காட்டப்படும்போது அப்படித் தீர்வதில்லை. அவனை வீழ்த்தினால் வேறு யாருடைய வீடு இருளும் என்ற கேள்வி எழுந்துவிடும். கதாநாயகியின் வெற்றி அதன்பின் முழு வெற்றியாக இருக்க முடியாது. 1984இன் படம் அந்தச் சங்கடத்தைத் தவிர்த்தது. அதனால்தான் அதன் முடிவில் உயிர்த்தெழுதல் சாத்தியமாயிற்று. 1994இல் சித்திரக் கதையை முடித்தபோது அந்தச் சங்கடத்திலிருந்து மியாஸாகி தப்பவில்லை, 1997இலும் தப்பவில்லை. அவ்விரண்டின் முடிவிலும் ஆறுதல் குறைவு, உண்மை அதிகம்.

நவுசிகாவின் கருணை ஓமுக்களுக்கு எட்டியது. படத்தில் அது குஷானாவின் கூடாரம்வரை போகவில்லை. போயிருந்தால் நவுசிகாவும் இன்னும் பெரிய பாத்திரமாகியிருப்பாள்.