ஒரே தராசு, பல வாசல்கள்: கொழும்புக் குத்துச்சண்டையின் மரபும் தரமும்

புறநானூற்றின் 82ஆம் பாட்டில் ஒரு தொழிலாளி வருகிறான். கட்டிலுக்கு வார் பின்னுகிறவன். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேற்று வலி. மழை கொட்டுகிறது; பொழுதும் சாய்கிறது. கையில் இருக்கும் வேலையை முடித்தால்தான் அவன் எழுந்து ஓடலாம். அந்த நேரத்தில் அவன் ஊசி எத்தனை விரைவாக ஓடுமோ, அத்தனை விரைவாக நடந்து முடிந்ததாம் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர். பாடியவர் சாத்தந்தையார். அந்தத் தொழிலாளியைப் பாட்டு இழிவான சொல்லால்தான் குறிக்கிறது. ஆனாலும் அரசனின் கைவேகத்தைச் சொல்ல வந்த புலவர் அவன் கையைத்தான் உவமையாக எடுத்தார்.

நம் கழக மலருக்குக் குத்துச்சண்டை பற்றி எழுதக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இந்தப் பாட்டு. வேகம் உழைக்கிறவன் கையில் இருக்கிறது. பெயர் வேறொருவருக்குப் போகிறது. கொழும்புக் குத்துச்சண்டையின் நூற்றாண்டுக் கதையிலும் இந்தக் கேள்வி கூடவே வருகிறது. கை யாருடையது? மேடை யாருடையது?

கேடயத்தின் வழி

இன்று நாம் காணும் குத்துச்சண்டையின் விதிகள் 1867இல் இலண்டனில் வெளியானவை. குயின்ஸ்பெரி பிரபுவின் பெயரைத் தாங்கினாலும் அவற்றை எழுதியவர் ஜோன் கிரஹாம் சேம்பர்ஸ். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவன் எழுந்து நிற்கப் பத்து விநாடி எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதற்கு முன் வெறுங்கையால் நடந்த சண்டையில் அடித்துக்கொண்டவர்கள் ஏழைகள்; பந்தயம் கட்டியவர்கள் செல்வர்கள். புதிய விதிகள் வந்தபின் கனவான்களின் பிள்ளைகளும் கையுறை அணிந்தார்கள். 1880இல் இங்கிலாந்தின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் பிறந்தது. 'அமெச்சூர்' என்ற சொல்லுக்குக் காசுக்கு விளையாடாதவன் என்பது மட்டும் அந்தக் காலத்துப் பொருளில்லை. கைத்தொழில் செய்கிறவனும் கூலி வேலை செய்கிறவனும் அமெச்சூர் ஆகமாட்டான் என்று படகோட்டப் போட்டிகளில் எழுதியே வைத்திருந்தார்கள்.

இந்தக் கனவான் குத்துச்சண்டைதான் இலங்கைப் பாடசாலைகளுக்கு வந்தது. 1913இல் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இங்கு வந்து, பின்னாளில் ஆளுநராகவும் இருந்த ரெஜினால்ட் ஸ்டப்ஸின் பெயரில் 1914இல் தொடங்கியது ஸ்டப்ஸ் கேடயப் போட்டி. றோயல், சென் தோமஸ், கண்டித் திரித்துவக் கல்லூரி, கிங்ஸ்வூட், வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிய சென் பீற்றர்ஸ் என்று பெரிய கல்லூரிகள் அந்தக் கேடயத்துக்காக மோதின. கல்லூரியின் நிறம், கீதம், பழைய மாணவரின் கரகோஷம் எல்லாம் மேடையைச் சூழ்ந்திருந்தன. பையன்களுக்கு அங்கே கற்பித்தது தற்காப்புக் கலை மட்டுமல்ல. நாளை நிர்வாகம் செய்யப்போகிறவனுக்கு வேண்டிய மிடுக்கும் தாங்குசக்தியும் அதற்குள் இருந்தன. திறந்த போட்டிகளுக்கு வந்த கிளிபர்ட் கிண்ணமும் வேறொரு குடியேற்ற நாட்டு அதிகாரியின் பெயரைத் தாங்குகிறது. பிற்காலத்தில்தான் ஸாஹிராக் கல்லூரி அதிபர் டி.பி. ஜாயா போன்ற நம்மவர் பெயரிலும் கேடயங்கள் வந்தன.

இந்த வழியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. விதியை மதிப்பதும், மணி அடித்த கணத்தில் கையைத் தாழ்த்துவதும், தோற்றவனை அணைத்துக்கொள்வதும் இலங்கைக் குத்துச்சண்டைக்குப் பாடசாலை தந்த கொடை.

நடுவில் நின்றவர்கள்

1938 பெப்ரவரியில் சிட்னியில் பேரரசு விளையாட்டு விழா நடந்தது. இன்று பொதுநலவாய விளையாட்டு என்று சொல்கிறோமே, அதன் முன்னோடி. அதில் பெதர்வெயிட் பிரிவில் தங்கம் வென்றவர் பார்னி ஹென்றிகஸ். அந்த விழாவில் இலங்கை பெற்ற ஒரே பதக்கம் அது.

ஹென்றிகஸ் பறங்கியர். அவர் குடும்பத்தில் வேறு சிலரும் கையுறை அணிந்தவர்கள். பறங்கியச் சமூகம் அன்று நிர்வாக உச்சியிலும் இல்லை, கூலி வரிசையிலும் இல்லை. எழுதுவினைஞர், ரயில்வே, பொலிஸ், தந்தி என்று மாதச் சம்பளத்தில் வாழ்ந்த வீடுகள். குத்துச்சண்டை நன்றாக வேர் பிடிப்பது இப்படிப்பட்ட நடு வீடுகளில்தான் என்று நான் எண்ணுகிறேன். 1948 இலண்டன் ஒலிம்பிக்குக்கு இலங்கை முதன்முதலாக ஓர் அணியை அனுப்பியது. போன ஏழு பேரில் நால்வர் குத்துச்சண்டையர்: எடி கிரே, லெஸ்லி ஹந்துன்கே, அல்பர்ட் பெரேரா, அலெக்ஸ் ஒபயசேகர. டங்கன் வைட் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்றதை எல்லாரும் அறிவார்கள். அந்த அணியின் பாதிக்கு மேல் கையுறை அணிந்தவர்கள் என்பதைச் சிலரே அறிவார்கள்.

இந்த 'நடு வீடு' எண்ணத்துக்கு வெளியுலகச் சான்றும் உண்டு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் லொயிக் வாக்கான் 1988இல் சிக்காகோவின் கறுப்பினப் பகுதியில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்து மூன்று வருடங்களுக்கு மேல் தானே பயிற்சி பெற்றார். சேரியின் அடி ஆழத்திலிருந்துதான் குத்துச்சண்டையர் வருகிறார்கள் என்பது பொது நம்பிக்கை. அவர் கண்டது வேறு. ஏதோ ஒரு வேலையும் ஒழுங்கும் உள்ள உழைப்பாளி வீட்டுப் பையன்களே அங்கு நிலைத்து நின்றார்கள். நேரத்துக்கு எழவும், நேரத்துக்கு உண்ணவும், நேரத்துக்கு உறங்கவும் வீடு இடம் தராவிட்டால் இந்த விளையாட்டில் நிற்க முடியாது. முகமது அலியின் வீடும் அப்படிப்பட்டதுதான்; தந்தை விளம்பரப் பலகை எழுதுகிறவர். 1954இல் பன்னிரண்டு வயதில் சைக்கிளைப் பறிகொடுத்து அழுத அலியை ஜோ மார்ட்டின் என்ற பொலிஸ்காரர் குத்துச்சண்டைக்குக் கொண்டுவந்தார். தொலைந்துபோக ஒரு புதுச் சைக்கிளாவது அந்த வீட்டில் இருந்தது.

கடலுக்கு அப்பால், பரம்பரைகள்

கொட்டாஞ்சேனைத் தெருக்களில் நின்றால் துறைமுகத்தின் சங்கு கேட்கும். கடலுக்கு அப்பால், சென்னைத் துறைமுகத்தின் முதுகுப்புறத்தில், தமிழரின் மிகப் பெரிய குத்துச்சண்டை மரபு வளர்ந்தது. வெள்ளைச் சிப்பாய்களிடமும் மாலுமிகளிடமும் பார்த்துக் கற்றதை மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் தமதாக்கிக்கொண்டார்கள். கல்லூரியின் பெயரும் கேடயமும் இல்லாத இடத்தில் அவர்கள் 'பரம்பரை' என்று பெயர் வைத்தார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை. அரச குடும்பங்களும் சங்கீத வித்துவான்களும் வைத்திருந்த சொல்லை மூட்டை தூக்கியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறப்பால் கிடைக்காத மரபை உழைப்பால் கட்டிக்கொண்ட அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பரம்பரையில் பயிற்சி தருகிறவர் வாத்தியார். வென்றால் பெயர் பரம்பரைக்கு. தோற்றால் அவமானமும் பரம்பரைக்கு. சார்பட்டாவின் கித்தேரி முத்து, நாட் டெரி என்ற குத்துச்சண்டையரை வீழ்த்திய கதையை வடசென்னையின் மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வந்த பிறகுதான் நம் இளையோர் பலர் இந்தப் பெயர்களைக் கேட்டார்கள். பரம்பரைப் பெருமை சில வேளை மேடையை விட்டிறங்கித் தெருச்சண்டையானதும், போட்டிகள் நின்றுபோனதும் அந்த மரபின் துயரமான பக்கம். அதையும் மறைக்கக் கூடாது.

சீருடையின் வழி

சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையில் மூன்றாவது ஒரு வழி பெரிதாகத் திறந்தது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். குத்துச்சண்டை தெரிந்த கிராமத்துப் பையனுக்குச் சம்பளம், சாப்பாடு, பயிற்சிக்கு நேரம், ஓய்வூதியம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. இன்று தேசிய அணியில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் இந்தச் சீருடைக் கழகங்களின் பிள்ளைகள். 2008 பீஜிங்கில் அனுருத்த ரத்நாயக்க களமிறங்கியபோது, ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இலங்கையர் ஒருவர் நின்று 40 வருடங்கள் ஆகியிருந்தன. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் குத்துச்சண்டைக்கு மூன்று வெண்கலம் வந்தது. இஷான் பண்டார, திவங்க ரணசிங்க ஆகியோருடன் அனுஷா கொடிதுவக்கு என்ற பெண்ணும் அந்த மேடையில் ஏறினார்.

இந்த வழியில் தமிழ்ப் பையன்கள் நடந்தது மிகக் குறைவு. யுத்த காலத்தில் அந்தச் சீருடை எங்கள் வீடுகளுக்கு என்னவாக இருந்தது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. கேடயத்தின் வாசல் பெரிய கல்லூரிக்குப் போனவர்களுக்குத் திறந்தது. சீருடையின் வாசல் எங்களுக்கு மூடியிருந்தது. பரம்பரையோ கடலுக்கு அப்பால் இருந்தது.

தரம் எங்கே தெரியும்

ஒரு பாடசாலைப் போட்டியில் எடை பார்க்கும் காலை நேரத்தில் நான் நின்றிருக்கிறேன். சப்பாத்து, சட்டை, கழுத்துப் பட்டி எல்லாம் வாங்கில் கிடக்க, பையன்கள் கால்சட்டையோடு வரிசையில் நின்றார்கள். தராசில் ஏறிய கணத்தில் யார் எந்தக் கல்லூரி, யார் எந்த வீடு என்று தெரியவில்லை. தராசு மனிதனை நேர்மையாகப் பிரிக்கிறது. குலம் கேட்பதில்லை, மொழி கேட்பதில்லை. எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கிறது.

ஆனால் தராசுக்கு இருபுறமும் பார்த்தேன். ஒரு பையன் எடையைக் குறைப்பதற்காக முதல் நாள் இரவு சாப்பிடாமல் வந்திருந்தான். ஏறி இறங்கியதும் அவன் தந்தை பாலும் முட்டையும் வாழைப்பழமும் எடுத்து நீட்டினார். பக்கத்தில் இன்னொருவன். அவனுக்கு எடை குறைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இறங்கியதும் ஒரு பிளேன்டீ குடித்தான். தராசில் இருவரும் ஒரே எண். மூன்றாவது சுற்றில் அந்த எண் ஒன்றாக இருக்கவில்லை.

தரத்தைக் கையைப் பார்த்தும் சொல்லலாம். பயிற்றுநர் ஒருவர் பையனின் கைக்குத் துணிச்சுருள் சுற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். பெருவிரலில் தொடங்கி, மணிக்கட்டைச் சுற்றி, விரலிடுக்குகளில் நுழைந்து, முட்டிகளின் மேல் பஞ்சுபோல் அடுக்கி மறுபடி மணிக்கட்டுக்கு வரும். இறுக்கினால் இரத்தம் ஓடாது. தளர்த்தினால் எலும்பு உடையும். அந்தச் சில நிமிடங்கள் பையன் அசையமாட்டான், பேசமாட்டான். பெரிய கல்லூரியின் கூடத்திலும், தகரக் கூரைக்குக் கீழே மணல் மூட்டை தொங்கும் அறையிலும் அதே சுற்று, அதே அமைதி. நல்ல வாத்தியார் உள்ள இடத்தில் கை ஒரே விதமாகத்தான் சுற்றப்படும்.

எல்லா வழிகளும் ஒப்புக்கொள்ளும் தரங்கள் சில. கால் முதலில், கை பிறகு. அடிக்கத் தெரிவதற்கு முன் காக்கத் தெரிய வேண்டும். நடுவரின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. மேடைக்கு வெளியே கை ஓங்கினால் அவனுக்கு மேடை இல்லை. இந்தத் தரங்களைக் காப்பாற்றக் காசு வேண்டியதில்லை. ஆனால் முட்டையும் பாலும், தலையில் அடிபட்டால் பார்க்க ஒரு மருத்துவரும், எந்த மருந்தை விழுங்கலாம் என்று சொல்ல ஓர் ஆளும் காசில்லாமல் வருவதில்லை. 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாராச்சி 72 வருடங்களுக்குப் பிறகு இலங்கைக்குக் குத்துச்சண்டைத் தங்கம் கொண்டுவந்தார். ஊக்கமருந்துப் பரிசோதனைக்குப் பின் அந்தத் தங்கம் திரும்பப் பெறப்பட்டது. வீரனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தரத்தின் ஒரு பகுதி என்று அன்று எனக்குப் பட்டது.

நம் வாசல்

கொலன்னாவையில், எண்ணெய்க் குதங்களுக்குப் போகும் வீதியோரத்தில், விடியற்காலையில் ஓடும் பையன்களைப் பார்க்கிறேன். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் சரிந்து உயிர்களைக் கொண்டுபோன பகுதி இது. இங்கே வேகத்துக்குக் குறைவில்லை. கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் குறைவில்லை. நம் தமிழ்ப் பாடசாலைகளில் கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் கிடைக்கும் இடத்தில் நான்கில் ஒரு பங்கு குத்துச்சண்டைக்குக் கிடைத்தாலும் போதும்.

குத்துச்சண்டைக்குப் புல்தரை வேண்டாம். ஒரு வகுப்பறை, இரண்டு மணல் மூட்டை, ஆறு சோடிக் கையுறை, பத்துக் கயிறு, தரம் தெரிந்த ஒரு வாத்தியார். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முட்டை. பெண் பிள்ளைகளுக்கும் அதே அறை, அதே முட்டை. மலர் வெளியிடும் கழகங்களும், வெளிநாட்டிலிருந்து பாடசாலைக்குப் பணம் அனுப்பும் பழைய மாணவரும் மனம் வைத்தால் இந்த வருடமே தொடங்கலாம்.

சாத்தந்தையார் அந்தத் தொழிலாளியின் கைவேகத்தைக் கண்டு வியந்தார். அவன் பெயரைக் கேட்கவில்லை. நம் பிள்ளைகளின் பெயரை நாமாவது கேட்போம். கேட்டு, போட்டிப் பட்டியலில் எழுதுவோம்.